பிள்ளைப்பூச்சிக்கு மூன்று மழை

அத்தை,

இன்று விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைப்பூச்சி பாடியது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். சாவி பூட்டிலேயே நின்றுவிட்டது. இந்த மணல் பூமியில் நண்டுதான் வளை தோண்டும், அந்தப் பூச்சிக்கு உப்பு ஆகாது என்று சொன்னவரே நீங்கள்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று போன வாரம் மைதானத்துக்கு மண் அடித்தார்கள். மணலிக்குப் பக்கத்தில் ஏதோ தொழிற்சாலைக்காக வயலை வெட்டுகிறார்களாம். அங்கிருந்து லாரியில் கறுகறுவென்று வண்டல் வந்து இறங்கியது. இரண்டு நாள் மழையில் அது ஊறி, கருவாடும் தாரும் மணக்கும் நம் திருவொற்றியூர்க் காற்றில் திடீரென்று வயல் வாடை. அந்த மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு அதுவும் லாரி ஏறி வந்திருக்கிறது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது பாடி முடிக்கும்வரை, முக்கால் மணி நேரம் இருக்கும், எழுந்திருக்கவில்லை. வாட்ச்மேன் வந்து, "இன்னா டீச்சர், மயக்கம் வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீங்கள் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம் முடிந்தது. அதற்குப் பிறகு இப்போதுதான் அந்தக் குரலைக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து உலையைக்கூட வைக்காமல் இதை எழுத உட்கார்ந்தேன். பேச்சில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். குப்பத்தில் யார் மாமியாரை 'நீங்கள்' என்பார்கள்? ஆனால் பேனாவைப் பிடித்தால் கைக்கு மரியாதை வந்துவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களை நான் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறேன். கல்மண்டபம் பகுதியில் அப்பா வீட்டில் எட்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருக்கும்போது காலையில் உங்கள் குரல் வரும். "நெத்திலீ... காரப்பொடீ..." மற்ற மீன்காரிகள் சந்து சந்தாக அலைந்து தொண்டை கட்டிக்கொண்டு திரும்புவார்கள். நீங்கள் மூன்று சந்து கூடும் இடத்தில், பழைய கிடங்கு ஒன்றின் வளைவுக்குக் கீழே, சுவருக்கு முதுகைக் கொடுத்து நிற்பீர்கள். ஒரே ஒரு தடவைதான் கூவுவீர்கள். மூன்று சந்திலும் கதவு திறக்கும். உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு அது எப்படி என்று கேட்டேன். "கத்தக் கூடாதுமே. நிக்கற எடத்துல நின்னா செவுரே கூவும்" என்றீர்கள். படித்த மருமகளைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் மகனைப் பற்றி என்ன சொல்ல? கட்டுமரத்தில் ஏறினால் அவரைப் போல ஆள் கிடையாது. கரைக்கு வந்தால் வாயில்லை. குப்பத்தில் அவருக்குப் பெயரே பிள்ளைப்பூச்சி. ஒருவருக்கும் தீங்கு நினைக்காத அப்பாவியை ஊரெல்லாம் அப்படித்தானே சொல்கிறார்கள். ஆனால் இவர் விஷயத்தில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பிள்ளை இல்லாத பெண், உயிரோடு ஒரு பிள்ளைப்பூச்சியை வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கினால் வயிறு திறக்கும் என்பது நம் சனத்தின் நம்பிக்கை. உங்கள் மாமியார் உங்களுக்குக் கொடுத்தார், நீங்கள் விழுங்கினீர்கள், உங்கள் மகன் பிறந்தார். நம் குப்பத்திலிருந்து எண்ணூர்வரை கரையோரத்தில் இந்தக் கதை தெரியாத பெண் கிடையாது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு முதல் பழத்தை உங்கள் கையால்தான் கொடுக்கச் சொல்வார்கள். பூச்சிக்காரம்மா வந்தாச்சா என்று தேடுவார்கள். அந்தப் பெயரில் உங்களுக்கு இருந்த பெருமிதம் எனக்குத் தெரியும். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நீங்கள் மணவறைப் பக்கம் நடக்கிற நடையே வேறு.

எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆயிற்று. உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் முடியாத காலம். எண்ணூரில் வாழ்க்கைப்பட்டிருந்த உங்கள் மகள் ஒரு நாள் வந்தாள். என்னை வைத்துக்கொண்டே உங்களிடம் பேசினாள்.

"எம்மா, இன்னும் எத்தினி நாளிக்கு? நீ முயுங்கின மாதிரி இவளும் ஒரு பூச்சிய முயுங்கட்டும். தை பொறக்கறதுக்குள்ள ஒண்ணும் ஆவலன்னா என் நாத்தனாரக் கூட்டியாந்து அண்ணனுக்குக் கட்டி வுடறேன். அவ வூட்ல கேட்டாச்சி."

இரண்டாவது கட்டக்கூடாது என்கிற சட்டமெல்லாம் பிறகு வந்ததுதான். அன்றைக்கு அதைத் தடுக்க ஒருவரும் இல்லை. மூத்தாள் என்ற பெயரோடு அடுப்பு மூலையில் கிடக்கும் இரண்டு பெண்களை நம் குப்பத்திலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "சரி, நானே புடிச்சியாந்து குடுக்கறேன்" என்றீர்கள். அன்று உங்களை நான் வெறுத்தேன், அத்தை. இப்போது மறைப்பதில் என்ன இருக்கிறது?

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் கிளம்பினோம். சடையங்குப்பத்தில் உங்களுக்குக் கருவாட்டுக்கு நெல் மாற்றும் வாடிக்கைக்காரி இருந்தாள். நன்னீர் வயல், பள்ளமான பூமி, ஒரு மழைக்கே வரப்பெல்லாம் பஞ்சு மாதிரி ஊறிப்போகும். அங்கேதான் பூச்சி இருக்கும் என்றீர்கள். உங்கள் தலையில் கருவாட்டுக் கூடை. என் மடியில் ஒரு காலித் தீப்பெட்டியும் இரண்டு பூவம்பழமும். கால்வாயைத் தாண்டி நடக்கும்போது வழியெல்லாம் மடியிலிருந்த தீப்பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நெல் மாற்றி முடித்து வரப்புக்கு வந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. வானத்தில் மட்டும் வெளிச்சம். தவளைகள் ஆரம்பித்திருந்தன. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஒன்று கேட்டது. 'க்ர்' என்று ஒரே ஒரு துணுக்கு. பிறகு மௌனம். மறுபடி 'க்ர், க்ர்'. மறுபடி மௌனம். மண்ணைச் சுரண்டுகிற மாதிரி ஏதோ. மறுபடி ஒரு துணுக்கு, முன்னைவிடக் கொஞ்சம் கனமாக.

நீங்கள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினீர்கள். "அது இன்னும் பாடல. எடம் பாக்குது" என்றீர்கள்.

சொல்லி வாய் மூடவில்லை, அது ஆரம்பித்தது. எப்படி எழுதுவது? ஒரே சுருதி. மூச்சு விடவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை. காலுக்குக் கீழே இருந்து வந்து மார்பெலும்பில் தங்கியது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் அதுதான். தவளைகள் இருந்த இடமே தெரியவில்லை. உங்களைப் பார்த்தேன். கூடையைத் தலையிலிருந்து இறக்க மறந்துபோய், வாய் லேசாகத் திறந்து, நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். சந்தியில் நின்று மூன்று தெருவைக் கூப்பிடுகிறவர், தன்னைவிடப் பெரிய குரல் ஒன்றைக் கேட்டுவிட்ட முகம் அது.

ஓர் அடி எடுத்து வைத்தோம். நின்றுவிட்டது. அசையாமல் காத்திருந்தோம். மறுபடி துணுக்கு, மறுபடி மௌனம், மறுபடி அந்த நீண்ட குரல். இப்படி அடி அடியாகப் போய்ச் சேருவதற்குள் அதற்குப் பாடும் நேரம் முடிந்துவிட்டது. ஈர வரப்பின் தோளில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, பக்கத்துப் பக்கத்தில் ஒரே வளைக்கு இரண்டு வாய் தெரிந்தன. நண்டு வளை மாதிரி வெறும் ஓட்டை இல்லை. வெளியே அகன்று உள்ளே குறுகி, கிராமபோன் குழாயைப் போல வளைந்து போயிற்று. நீங்கள் குந்தி உட்கார்ந்து சுண்டுவிரலை விட்டுத் தடவினீர்கள். உள்சுவர் மெழுகினாற்போல இருந்தது.

"நானு வளைவு தேடிப் போயி நிக்கறேன். இது வளைவயே கட்டிக்கினு நிக்குதுமே" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு உங்கள் சந்தியும் சுவரும் புரிந்தது. ஒன்றரை விரற்கடை நீளம் இருக்குமா அந்தப் பூச்சி? அது மண்ணைக் குடைந்து, துணுக்காகக் கூவிப் பார்த்து, சரியாக வராத இடத்தைச் சுரண்டிச் சரிசெய்து, ஒரு குழலைச் செய்கிறது. பிறகு அதன் கழுத்தில் நின்று ஊரைக் கூப்பிடுகிறது. யாரைக் கூப்பிடுகிறது என்பதில் நமக்குச் சந்தேகமே வரவில்லை. பெயரே பிள்ளைப்பூச்சி. பாட்டுப் பாடுகிறது. அப்படியானால் தாலாட்டுத்தானே? "புள்ளைங்களத் தூங்க வைக்குது" என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

மறுநாளும் போனோம். பிடிப்பதற்கு என்று போய், கேட்டுவிட்டுத் திரும்பினோம். வீட்டில் கேட்டால் "சிக்கல" என்றீர்கள். வாடிக்கைக்காரி கொடுத்த லாந்தரைச் சிறியதாக்கி அன்று அதைப் பார்த்தும்விட்டோம். தலை உள்ளே இருட்டைப் பார்த்திருக்க, பின்பக்கம் குழலின் கழுத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ரெக்கை இரண்டும் அசைகிறதே தெரியவில்லை, ஒரு மங்கல் மட்டும்தான். வரப்பில் உள்ளங்கையை வைத்தேன். மண் அதிர்ந்தது. உங்கள் கையையும் இழுத்து வைத்தேன். நான் எதற்காக அங்கே வந்திருக்கிறேன் என்பதை அந்தக் கொஞ்ச நேரம் மறந்தே போனேன்.

மூன்றாம் நாள் மறக்க முடியவில்லை. உங்கள் மகள் எண்ணூரிலிருந்து வந்து நம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். விழுங்கிவிட்டு வந்து சொல்லு என்று அனுப்பினாள். அன்று நீங்கள் காத்திருக்கவில்லை. நேராகப் போனீர்கள், பாட்டு நின்றது. குழலுக்கு அரை முழம் தள்ளி, மண் பொதபொதவென்று இருந்த இடத்தில் கையை விட்டுப் பெயர்த்தீர்கள். பாடின பூச்சியின் வீடு அதுதான் என்று நினைத்துத்தான்.

உள்ளே கோழி முட்டையின் உட்புறம் போல வழவழவென்று ஓர் அறை. அதில் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி முப்பது நாற்பது முட்டை. அதன் மேல் அது. ஓடுவதற்குப் பின்னால் வழி இருந்தது, அத்தை, நான் பார்த்தேன். அது ஓடவில்லை. மண்வெட்டி மாதிரி இருந்த முன்னங்கால் இரண்டையும் விரித்து, உங்கள் விரலைத் தள்ளியது. இம்மியளவு உயிர், உங்கள் விரலைத் தள்ளியது.

உங்கள் கை அப்படியே நின்றது. நான் தீப்பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பெத்து வச்சிக்கினு உக்காந்துகீது" என்றீர்கள். "இத முயுங்கி நீ பெக்கணுமா?"

பெயர்த்த மண்ணை எடுத்து, பிசைந்து, அந்த அறைக்கு மூடி போட்டீர்கள். ஓரமெல்லாம் விரலால் அழுத்தி மெழுகினீர்கள். அவ்வளவு மெதுவாக நீங்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு என் மடியிலிருந்த பழத்தை எடுத்து உரித்து, "துன்னு" என்று எனக்கு ஒன்று கொடுத்து, மற்றதை நீங்கள் தின்றீர்கள். இரண்டு பேரும் சேற்றுக் கையோடு வரப்பில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்போது, அந்த மூடிக்கு அரை முழம் தள்ளி அந்தப் பாட்டு மறுபடியும் தொடங்கியது. நம்மை மன்னித்துவிட்டுத் தாய் பாடுகிறாள் என்று நினைத்து நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னீர்கள்: "முயுங்கிட்டா. என் கண்ணால பாத்தேன்."

தை பிறந்தது, என் வயிறு திறக்கவில்லை. மகள் வந்து நின்றாள். நீங்கள் மீன் பேரம் பேசுகிற மாதிரியே பேசினீர்கள்.

"பூச்சி உள்ள போனா ஒடனே ஆயிடுமா? மூணு மய தாண்டணும்."

"ஒனக்கு ஒரே வருசத்துல ஆச்சே?"

"அது அந்தக் காலத்துப் பூச்சி. இது ரேசன் காலத்துப் பூச்சி. இதுக்கு நாளாவும்."

நான் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு உள்ளே ஓடினேன். அழுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

அப்படி வாங்கிய மூன்று மழையிலும் நாம் சடையங்குப்பம் போனோம். சொன்னது கருவாடு விற்க. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வரப்பு காய்ந்திருந்தால் குரல் அமுங்கி வருவதையும், நன்றாக நனைந்த அன்று கால்வாய்க்கரைவரை கேட்பதையும் கண்டுபிடித்தோம். காற்று அடித்தால் பாடாது. ஒரு குழலுக்கும் அடுத்த குழலுக்கும் நடுவில் இடம் விட்டுத்தான் கட்டும். மீன்காரிகள் ஒருத்தி சந்தியில் இன்னொருத்தி நிற்கமாட்டார்களே, அதே நியாயம் என்றீர்கள். வயலுக்குள் முழங்கால் தண்ணீரிலும் இருக்காது, மேட்டுப் பொட்டலிலும் இருக்காது. ஈரமும் மண்ணும் சரிபாதியாக இருக்கும் அந்த ஒரு சாண் அகலத்தில்தான் அதன் ஊர்.

இரண்டாவது மழையில் ஒரு நாள், பாட்டு முடிந்து திரும்பி நடக்கும்போது, நான் கேட்காமலேயே சொன்னீர்கள். "அன்னிக்கு முயுங்கினேனே, அது மூணு நாளு என் வயித்துல பாடிக்கினு இருந்துச்சுமே. யாருகிட்டயும் சொல்லல. காதப் பொத்திக்கினா இன்னும் நல்லாக் கேக்கும்." நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். கால்வாய் வரும்வரை விடவில்லை.

நாம் சொன்ன பொய், அந்த மூன்று மழையும் முடிந்த தையில் நம்மையே திருப்பி அடித்தது. உங்கள் மகள் தன் நாத்தனாரையும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பாவம், தலையை நிமிர்த்தவே இல்லை. பெரியவர்களில் ஒருவர் சொன்னார்: பிள்ளை இல்லாதது ஒரு குறை, அவ்வளவுதான், ஆனால் பிள்ளைப்பூச்சியை விழுங்கியும் பிறக்கவில்லை என்றால் அது தெய்வக் குத்தம், இவளை வீட்டில் வைத்துக்கொண்டு தொழிலுக்குப் போனால் கட்டுமரம் கரை திரும்பாது. மூத்தாளாகக்கூட நான் இருக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. அன்றே அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். விழுங்கவில்லை என்று சொன்னாலும் தப்ப முடியாது. இப்போது விழுங்கு என்பார்கள். நான் சுவரோரம் நின்று என் புடவைகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், எதில் மூட்டை கட்டுவது என்று.

நீங்கள் எழுந்து வாசலுக்குப் போனீர்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்ல எதற்கு வாசல் என்று நினைத்தேன். சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று பேசினீர்கள். குப்பம் முழுக்கக் கேட்டது.

"அவ முயுங்கல. நான்தான் முயுங்க வுடல. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. நான் முயுங்கி இவன் பொறக்கல. முயுங்கறப்பவே ரெண்டு மாசம் குளிக்காம இருந்தேன். பயத்துல மாமியாகிட்ட சொல்லல. அப்புறம் பூச்சி குடுத்த புள்ளன்னு ஊரே சொல்லிச்சி, பேரு நல்லாருந்துச்சி, வாய மூடிக்கினேன். பூச்சியாவது மண்ணாவது! எனக்கே அதனால பொறக்கல, அவளுக்குப் பொறக்கலன்னு எப்டி வெளிய அனுப்புவீங்க? அவள அனுப்பினா நானும் கூடையத் தூக்கிக்கினு அவகூடவே போறேன்."

உங்கள் மகள், "எம்மா!" என்றாள்.

அப்போது உங்கள் மகன் வலையைக் கீழே வைத்தார். "நான் வேற கட்டிக்க மாட்டேன்" என்றார்.

"மூணு வருசம் கயிச்சி வாயத் தொறக்கறான் பாரு!" என்று அவர்மேல் பாய்ந்தீர்கள். பெரியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு எல்லாரும் எழுந்து போனார்கள்.

அதற்கு நீங்கள் கொடுத்த விலை எனக்குத் தெரியும். அதன் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் முதல் பழத்துக்கு உங்களைக் கூப்பிடவில்லை. பொய்க்காரி என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். மகள் இரண்டு வருஷம் வாசப்படி மிதிக்கவில்லை. நீங்கள் அதைப் பற்றி ஒரு தடவைகூட என்னிடம் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. "எட்டாவது படிச்சிட்டு மீன் ஆஞ்சிக்கினு இருக்கியே" என்று என்னை டீச்சர் டிரெயினிங்குக்குத் துரத்தினீர்கள்.

அங்கே இயற்கைப் பாடம் எடுத்த வாத்தியார்தான் நம் தலையில் குண்டைப் போட்டார். பாடுவது ஆண் பூச்சியாம். பெண்ணை வரவழைக்கப் பாடுகிறதாம். பெண்ணுக்குப் பாட்டே கிடையாதாம். அது தனி வளையில் முட்டையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். அன்று சாயங்காலம் ஓடி வந்து உங்களிடம் சொன்னேன்.

"ஆம்பளயா? பொண்ணு தேடிக்கினு இருந்தானா அவ்ளோ நாளும்? அய்யய்ய, நாம மாமியாரும் மருமவளும் போயி நின்னமே!" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். சிரித்து முடித்து, "அப்ப அந்த அம்மா பாடவே இல்லியா? சும்மாவே உக்காந்துகினு இருந்தாளா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அன்று அது தள்ளிய விரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தக் காலத்து மருத்துவச்சி வந்திருந்தார். உங்கள் மகனைக் கையில் ஏந்தியவர். கண் சரியாகத் தெரியாது, நினைவு மட்டும் துளிகூட மங்கவில்லை. குப்பத்தில் யார் எந்த மாதம் பிறந்தார்கள் என்று கேட்டால் நட்சத்திரத்தோடு சொல்வார். காப்பி கொடுக்கப் போனேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒம் மாமியா வாசல்ல நின்னு கத்தினாளாமே, ரெண்டு மாசத்தோட முயுங்கினேன்னு? ஏன் அப்டி சொன்னா? பூச்சி குடுக்கறதுக்கு முன்ன நான்தான் அவ வயித்தப் பாத்தேன். ஒண்ணுமில்ல. இல்லன்னுதான் குடுத்தோம். கார்த்திகைல முயுங்கினா, பெரட்டாசில பெத்தா. பத்து மாசம். ஒரு நாள் கொறையல."

காப்பி என் கையிலேயே ஆறிப்போயிற்று.

நான் டிரெயினிங் படித்தவள். பூச்சி வேறு, பிள்ளை வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் நம்பினீர்கள், அத்தை. மூன்று நாள் உங்கள் வயிற்றில் அது பாடியதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகனை அதுதான் கொடுத்தது என்று கடைசிவரை நம்பினீர்கள். என்னை விழுங்கவைத்தால் எனக்கும் பிறக்கும் என்று நம்பினீர்கள். அந்த நம்பிக்கையோடுதான் வரப்பில் குந்தி உட்கார்ந்து, அந்த முட்டைகளுக்கு மூடி போட்டு, ஓரமெல்லாம் மெழுகினீர்கள். அதே நம்பிக்கையோடுதான் வாசலில் நின்று, நீங்கள் உண்மை என்று நினைத்ததைப் பொய் என்று ஊர் கேட்கக் கூவினீர்கள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இத்தனை வருஷம், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

உங்கள் மகனிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிற டீச்சர்கள் எத்தனை பிள்ளைகள் என்று என்னைக் கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுகிறார்கள். என்னைப் பார்த்து எதற்குப் பாவம்? அவர்களிடம் எந்த வார்த்தையில் சொல்வேன், எனக்கு வரவேண்டிய உங்கள் பேரப்பிள்ளையை, ஒரு பூச்சியின் பிள்ளைகளுக்காக, நீங்கள் அந்த ஈர மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள் என்று?